இரண்டாவது எண்ணிக்கை

இரவு பதினொன்றே கால். காரிமங்கலத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் உள் ரோடு... இருபுறமும் அறுத்துப் போட்ட கேழ்வரகுக் காடு. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. ஸ்கூட்டியில் ஒற்றையாய்ப் போய்க்கொண்டிருந்தாள் பிரியதர்ஷினி. வேறு யாருமில்லை, நம் சுகுணாவின் பெரியம்மா மகள்தான். கிட்ட வந்து உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற கதையில்லை இது.

அந்நேரத்தில் ஏன் போனாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா... அதுதான்.

அவள் ஆராய்ச்சி தோரியத்தில். கனமான உலோகம். மெதுவாக வந்து மோதும் நியூட்ரானுக்கு அதன் அணுக்கரு அசையாது. வேகமாக வந்தால்தான் பிளக்கும். எவ்வளவு எளிதாகப் பிளக்கிறது என்று அளக்க வேண்டும். தோரியம் பூசிய தகட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி வைப்பார்கள். ஒரு கரு பிளந்தால், தெறிக்கும் துண்டு பட்டுத் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம். சூடான காஸ்டிக் சோடாவில் போட்டால் காயம் குழியாகும். பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதுதான். ஒரே தாளை இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், தனித்தனியாக எண்ண வேண்டும். அங்கே அது சட்டம்.

இரண்டாவது ஆள், லேப் அசிஸ்டெண்ட் இன்னாசி அண்ணன். நெற்றியில் எப்போதும் தலைவலித் தைலம், கட்டைவிரலுக்கடியில் எண்ணும் கருவி. ஒரு குழிக்கு ஒரு டிக். இருபது வருடப் பழக்கம், தப்பாத கண். போன மாதம் தொப்பூர் கணவாயில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டிக்குள் அவர் கையில் அந்தக் கருவியை வைத்ததே பிரியதர்ஷினிதான். அழுது தீர்த்தாள், பாவம்.

ஆனால் ஏழாவது தாளை அவர் எண்ணவேயில்லை. இவள் எண்ணியதில் 412. வேறு ஆளைத் தேடினால் கெடு தாண்டும், மூன்று வருட உழைப்பு போகும். அவர் பெயருக்கு நேரே 409 என்று இவளே எழுதிவிட்டாள். காலை பத்து மணிக்குக் கட்டுரை ஆராய்ச்சி இதழுக்குப் போகிறது. படுத்தால் தூக்கம் வரவில்லை. செத்தவர் பெயரில் பொய் எழுதினோமே, ஒருமுறையாவது திரும்ப எண்ணிவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள்.

வாட்ச்மேன் கருப்பண்ணன் கேட்டைத் திறந்தார்.

"ஏம்மா, மேல கெடியாரம் எதாச்சும் மாட்டினீங்களா? பொழுது உழுந்ததுலருந்து டிக்கு டிக்குன்னு ஒரே சத்தம்."

"இல்லீங்களே..."

"அப்ப பல்லியா இருக்கும், போ."

படியேறினாள். சத்தமில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள்... காஸ்டிக் நெடி. அதற்குள்ளே, மெல்லிசாக, தைலம். பீரோவில் வைத்துப் பூட்டிய ஏழாவது தாள் மைக்ராஸ்கோப்பில் கிளிப் மாட்டிக் கிடந்தது. பீரோ சாவி அவள் கைப்பையில்.

ஓடியிருக்கலாம். ஓடினால் பத்து மணிக்குப் பொய் போய்விடுமே. உட்கார்ந்தாள்.

முதல் குழி. முதுகுக்குப் பின்னால்... டிக்.

திரும்பவில்லை. இரண்டாவது. டிக். மூன்றாவது. டிக். நாலாவது... சத்தமில்லை. காத்திருந்தாள். ஊஹூம். ஃபோகஸைத் திருகி உற்றுப் பார்த்தாள். குழியே இல்லை அது, வெறும் கீறல். அன்றைக்கு இருந்த அவசரத்தில் அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்.

இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல். கீறல் வரும்போதெல்லாம் மௌனம். தாள் முடிந்தது. 371. கண்ணை எடுத்தாள்.

டிக்.

இன்னும் ஒன்று... காதோரமாக. எதைப் பார்த்து? சீட்டில் 371 என்று கிறுக்கிவிட்டு, தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

காலையில் நிர்மலாதேவி மேடத்திடம் பொய்யைச் சொல்லி அழுதாள். சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு வழிகாட்டி அவர்தான். திட்டி இவளை நார்நாராகக் கிழித்தார், கட்டுரையை நிறுத்தினார். பிறகு இவள் சீட்டைப் பார்க்காமலே தானே உட்கார்ந்து எண்ணினார். மத்தியானமாகிவிட்டது.

"உனக்கு எவ்வளவு?"

"371 மேடம்."

"எனக்கு 372. கிளிப்புக்கு அடியில ஒண்ணு மறைஞ்சிருக்கு. தூக்கினாத்தான் தெரியும். நீ பாத்திருக்க மாட்ட."

சொல்லிக்கொண்டே, கிளிப்பைத் தூக்கிய விரலை மேடம் மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்மா, தலவலியா உனக்கு? தைல வாசம் அடிக்குது."