கணவாயில் குறைந்த அரை மைல்

தேநீரை ஆறவிடாதே, ஹர்மல். வெண்ணெய் மேலே படிந்துவிட்டால் உப்புத் தேநீரைக் குடிக்கவே முடியாது. உன் அத்தை இல்லாத வீட்டில் நானே போட்டது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

நீ மரியாதையாகத்தான் கேட்டாய். "மாமா, பள்ளத்தாக்கு முழுக்க உங்க கணக்கும் என் சங்கிலிக் கணக்கும் ஒட்டி நிக்குது. கணவாய் உச்சிக்கு ஏறுற எடத்துல மட்டும் உங்க கணக்குல அரை மைல் குறையுது. அன்னைக்கு ஏதாச்சும் நடந்துச்சா?" வேறு எவனாவது கேட்டிருந்தால், வயசாகிவிட்டது, நினைவில்லை என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டிருப்பேன். நீ ஜசோதின் மகன். அளவெடுக்கும் வேலையிலும் இருக்கிறாய். உனக்குச் சொன்னால் புரியும்.

உங்கள் காலத்தில் அளக்கச் சங்கிலி இருக்கிறது, கருவி வைக்க முக்காலி இருக்கிறது, சுமக்க நாலு ஆள் இருக்கிறார்கள். எங்களுக்குக் கால்தான். திபெத்தை ரகசியமாக அளந்து வர, டேராடூனில் சர்க்கார் ஆட்கள் இரண்டு வருடம் நடக்க மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே அடி. இரண்டாயிரம் காலடி ஒரு மைல். ஒரு கையில் ஜெபமாலை, ஊரார் மாலைக்கு நூற்றெட்டு மணி, எனக்கு நூறு; மறு கையில் கணக்குச் சீட்டை ஒளித்துவைக்க ஜெபச் சக்கரம். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவேன். திபெத்துக்காரர்கள் எவ்வளவு சந்தேகப்பேர்வழிகளாக இருந்தாலும், ஜெபிக்கிறவனை நிறுத்திப் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஆனாலும் பேசத்தான் ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் உன் அப்பாவைக் கூட்டிப்போனேன். என் மனைவிக்குத் தம்பி, வாய்க்கு ஓய்வே கிடையாது. வழியில் யார் வந்தாலும் கம்பளி விலை, ஆட்டுக்கு வந்த சீக்கு என்று ஆரம்பித்து, நான் நூறடி தாண்டும்வரை அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வான். "அத்தானுக்குக் காலு, எனக்கு வாயி. ரெண்டும் சேந்தாதான் சர்க்காருக்கு ஒரு முழு மனுசன்" என்பான். நான் எண்ணும்போது மட்டும் என்னிடம் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அந்தக் கணவாய்க்கு வரும்வரை எட்டு நாளில் ஒருமுறைகூட அவன் அதை மீறவில்லை. நல்லவன், எனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

காவல் இல்லாத கணவாய் என்பதால் அந்த வழியைத் தேர்ந்தோம். நம் ஆட்களின் ஆட்டுக்கூட்டம்கூட அந்தப் பக்கம் ஏறாது. எண்ணிக்கையைக் கடைசியாகச் சீட்டில் குறித்தது கீழே ஆற்றங்கரைப் பாறையருகில், ஒன்றரை நாள் நடைக்குப் பின்னால். அங்கிருந்து உச்சியிலுள்ள கற்குவியல்வரை ஒரே எண்ணிக்கை. இடையில் விட்டுவிட்டால் மறுபடி ஆற்றங்கரைக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும். மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது, ஒரு வாரத்தில் கணவாய் மூடிவிடும். இதெல்லாம் உனக்கே தெரிந்த சங்கதி.

நடுப்பகலில் பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான். பனி உடைந்து ஒரு வெடிப்பில் இறங்கியிருந்தான். ஆழமான வெடிப்பு இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் தொப்பியும் இரண்டு கைகளும் வெளியே தெரிந்தன. "அத்தான், காலு மாட்டிக்கிச்சு. எலும்பு போயிருச்சு போல" என்றான். கயிறு என் மூட்டையில் இருந்தது.

நான் நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஜெபச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நடந்தேன். அவனுக்கு அது புரிந்துவிட்டது. என்னை அவன் திட்டவில்லை. "எண்ணிக்கிட்டு இருக்கீங்களா? சரி, சரி. முடிச்சிட்டே வாங்க, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தான். சத்தியத்தை மீறியதற்கு மன்னிப்பும் கேட்டான். இதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்குப் பலமுறை ஆசை வந்ததுண்டு, அவ்வளவு அருமையான குணம்.

கற்குவியலை அடைந்து எண்ணைச் சீட்டில் எழுதினேன். சீட்டைச் சக்கரத்துக்குள் சுருட்டி வைத்தேன். சத்துமாவு கொஞ்சம் பிசைந்து சாப்பிட்டேன். அவன் குரல் அங்கேயும் கேட்டது. ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான், குளிருக்காக இருக்கும். திரும்பிப் போய்த் தூக்கியிருக்கலாம். ஆனால் கால் ஒடிந்தவனைச் சுமந்து கீழே இறங்கினால் அந்த வருடத்து வேலை அதோடு சரி. அடுத்த வருடம் சர்க்கார் வேறொருவனை அனுப்பும். அவன் கால் என் காலைப் போல ஒழுங்காக நடக்குமா என்று யோசித்தேன். அப்புறம் மறுபக்கம் இறங்கினேன். அவன் பாட்டு எப்போது நின்றது என்பது எனக்குத் தெரியாது. சரிவில் இறங்கும்போது காற்று எதிர்த்திசையில் அடித்தது.

மடத்தில் காய்ச்சலில் இறந்தான், லாமாக்கள் விளக்கேற்றினார்கள் என்று நான் வந்து சொன்னதும் உன் அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கடைசிவரை கூட இருந்தீர்களே என்றாள். அன்று மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைப் படிக்கவைத்தேன், துரையிடம் சொல்லி வேலை வாங்கித் தந்தேன். எதற்கும் குறை வைக்கவில்லை. வரைபடம் அச்சாகி வந்தபோது அதில் என் பெயர்கூடக் கிடையாது, ரகசியத்துக்காக இரண்டு எழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். நான் அதற்காக வருத்தப்படவில்லை. கோடு சரியாக இருந்தால் போதும்.

இப்போது உன் அரை மைலுக்கு வருகிறேன். இதை இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் அப்பா முதல் தடவை "அத்தான்" என்று கூப்பிட்டானே, அப்போதே எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. எந்த மணியில் விரல் இருந்தது என்பதே தெரியவில்லை. அதற்கப்புறம் உச்சிவரை வெறுமனே மணியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே உட்கார்ந்து குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதினேன். ஆயிரம் அடி குறைந்திருக்கிறது போலிருக்கிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? புது வரைபடத்தில் அந்த ஓர் எண்ணைத் திருத்திவிடு. அந்தப் பயணத்தில் நான் செய்த பிழை அது ஒன்றுதான்.