மூணு கால் குதிரை

இல்ல டாக்டரம்மா, என் வீட்டுக்காரி அடுப்பை அணைக்க மறந்ததில்ல, சாவியைத் தொலைச்சதில்ல. என்ன தொந்தரவுன்னு கூட்டிட்டு வந்தேன்னு திரும்பத் திரும்பக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? கொஞ்சம் உக்காந்துக்கறேன். உங்க ஆஸ்பத்திரி மாடிப்படி காலைலேர்ந்து என் மேல ஏறி இறங்கிடுச்சு. அவ வெளியில இருக்கா, பேசறது கேக்காதில்ல?

இதான் அவ மூளைப் படமா? கோவக்காரி மூளையாச்சே, செக்கச்செவேல்னு இருக்கும்னு நெனச்சேன். இந்த வெள்ளையா ஓடுறது? ஓகோ, ஒரு மூலையிலேர்ந்து இன்னொரு மூலைக்குச் சேதி கொண்டுபோற இழையா. எங்க, இங்கயா? நைஞ்சிருக்கா... சரி. சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

அப்போ பழசெல்லாம் பத்திரமா இருக்கும். இப்ப காதுல விழுந்ததைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அடுத்ததோட சேக்கறதுதான் சிரமம், அப்படித்தானே? அதான் நீங்க சொன்ன நம்பரைத் தலைகீழாச் சொல்லத் தெரியாம முழிச்சாளா. பாவம், என் மூஞ்சியப் பாத்தா. எனக்கே வரலம்மா.

நான் லாரி ஓட்டினவன். ஓட்டினதைவிடக் கதை விட்டதுதான் அதிகம். பிரேக் போன லாரியை ஒருதரம் ஒரே தும்மல்ல நிறுத்தினேன். சிரிக்காதீங்க, ஊரே நம்பிச்சு. இவ ஒருத்திதான் நம்பமாட்டா. கரண்டியும் கையுமா நின்னுக்கிட்டு, மேடு ஏறினேன்னு ஆரம்பிச்சீங்க, இப்ப எப்படிப் பள்ளத்துல உருளுதுன்னு கேப்பா. கலியாணம் ஆனதுலேர்ந்து ஒரு புளுகைக்கூட நிம்மதியா முடிக்க விட்டதில்ல.

பையன்கிட்ட சொன்னேன், அம்மாவுக்கு என்னமோ ஆகுதுடான்னு. சண்டை போடறதில்லன்னா நல்லதுதானப்பா, சும்மா இருன்னுட்டான்.

எதை வச்சுச் சொல்றேனா? அட, விடமாட்டீங்க போல. போன மாசம், சாப்பாடு போட்டுக்கிட்டிருந்தா. மூணு கால் குதிரை ஒண்ணு லாரியைத் துரத்திச்சுன்னு எடுத்துவிட்டேன். கடைசில, அது நாலு காலையும் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டிருச்சுன்னு முடிச்சேன். வேணும்னேதான் சொன்னேன், அவ பிடிக்கட்டும்னு. கைல கரண்டிகூட இருந்துச்சு. நான் சாப்பிடாம அவ வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன்.

கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கைதட்டிச் சிரிச்சாம்மா. அப்புறம் அந்தக் குதிரை என்னாச்சுன்னு கேட்டா.