குனியாத வாசல்

தலைமை ஏற்றிருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, துயரத்தோடு அமர்ந்திருக்கும் ஐரீன் அம்மையாரே, திருவொற்றியூர்த் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்.

நம் ஆலையில் கட்டடப் படம் வரைந்த டிராப்ட்ஸ்மேன் இக்னேஷியஸ் சென்ற செவ்வாயன்று மார்வலியால் மறைந்தார். சங்கச் செயலாளன் என்ற முறையில் அவருக்காகப் பேச நிற்கிறேன்.

நம் பழைய லைன் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். ஜன்னல் கிடையாது. குனிந்துதான் நுழைய வேண்டும். ஏன் அப்படிக் கட்டினார்கள்? கூலிகளை எண்ணி உள்ளே விட்டு, எண்ணி வெளியே அனுப்பிய காலம் அது. அந்தக் காலத்தின் மனசுதான் அந்தச் சுவர்.

சுதந்திரம் வந்தது. புதிதாக அறுபது வீடுகள் கட்ட முடிவாயிற்று. ஆனால் மேனேஜர் நீட்டியது அந்தப் பழைய லைன் வீட்டின் படத்தையே. இக்னேஷியஸ் அதை வாங்கிக்கொண்டு நேரே லைனுக்குப் போனார். அங்கே குடியிருக்கும் கெங்கம்மாளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அடுப்புப் பொகையில கொயந்தைங்க இருமிகினே கீதுங்க நைனா. ஒரு ஜன்னல் வெச்சுக் குடு, போதும்."

அவர் படத்தில் ஜன்னல் வைத்தார். வாசலை உயர்த்தினார். சிமெண்டுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதே என்றார் மேனேஜர். ஆபீசுக்குப் போடவிருந்த கும்மட்டத்தை விட்டால் சிமெண்டு மிஞ்சும் என்றார் இவர்.

"ஆபீசுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?"

"கும்மட்டம் ராஜாக்கள் காலத்து மதிப்பு, ஐயா. இப்போது இவர்கள் கையில் ஓட்டு இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவன் குனிந்து நுழையும் வாசலை நான் வரைய மாட்டேன்."

மூன்று மாதம் சங்கமும் போராடியது. கும்மட்டம் போயிற்று, முதல் இருபது வீடுகள் எழத் தொடங்கின. அதற்குத் தண்டனையாக அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அப்போதும் மாலை தவறாமல் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து நிற்பார். வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இல்லேன்னு சொல்லமாட்டேன், சண்முகவேல். ஆனா செவுரு ஏறிகினு கீதே."

அப்படிப்பட்டவரைத்தான் இழந்திருக்கிறோம். அவர் கண் மூடிய மூன்றாம் நாளே, மீதி நாற்பது வீடுகளுக்குப் பழைய படம் போதும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். போதுமா, தோழர்களே? மாண்டவர் வந்து கேட்கமாட்டார் என்ற தைரியமா?

ஐரீன் அம்மையார் தம் கணவர் வரைந்த படங்களை இன்று காலை என்னிடம் ஒப்படைத்தார். திங்கட்கிழமை அஸ்திவாரக் கடைக்கால் தோண்ட ஆள் வருகிறது. அதற்கு முன்பே, ஞாயிறு பூசை முடிந்ததும், அந்த நாற்பது வீடுகளும் வரவேண்டிய மைதானத்தில் அவர் அளவுப்படி நாமே முளையடித்து நூல் கட்டுவோம். அந்த நூலைத் தாண்டி ஒரு கூடை மண்ணும் விழ விடமாட்டோம்.

நூல் பிடிக்க நாற்பது பேர் வேண்டும். வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.