பிடிக்கட்டைக்குள் பென்சில் எழுத்து

என் பெயர் வெர்னன் டாட்லாக், வயது அறுபத்து மூன்று. மொன்டானா மாநிலம் கட்டர் க்ரீக்கில், மளிகைக் கடைக்கு எதிர்க் கட்டிடத்தின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். கீழே பழைய ரிவால்வர்களைப் பழுது பார்த்து, கேட்பவர் விருப்பப்படி மாற்றியும் கொடுக்கிறேன். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. சொந்தமாகப் பதினொன்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு வேட் லார்கின் கடைக்கு வந்தார். போன நவம்பரில் மான் வேட்டைக்கு மலையேறித் திரும்பி வராத லைல் பிரான்வோல்டுக்கு அவர் சித்தப்பா மகன். இப்போது லைலின் பண்ணையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். சாக்குத் துணியில் சுற்றியிருந்த பழைய ரிவால்வர் ஒன்றை மேசை மேல் வைத்து, சந்தையில் யாரிடமோ வாங்கியது, சேறும் துருவும் ஏறித் தோட்டா உருளை சுற்றவில்லை, அதைச் சுற்ற வைத்து விசையையும் இளக்கித் தர வேண்டும் என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நூறு வருடத்துக்கும் மேல் பழையது என்பதால் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதில்லை, ஏற்றவில்லை.

அதன் பிறகு திருகைக் கழற்றி, கைப்பிடியின் மரக்கட்டைகளை எடுத்தேன். சேகரிப்பவர்கள் எவரும் முதலில் பார்ப்பது கட்டையின் உட்புறத்தைத்தான், ஏனென்றால் வேலை செய்தவன் பெயரையும் தேதியையும் அங்கேதான் பென்சிலால் எழுதுவான். 'லைலுக்கு, அக்டோபர் 19, வெ.டா.' என்று இருந்தது. என் கையெழுத்து. அந்த வால்நட் கட்டைகளை நான்தான் செதுக்கிப் பொருத்தினேன், அதை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் லைல் மலையேறினார். தேடிப் போனவர்களுக்குக் குதிரை மட்டும் கிடைத்தது. தேடுதலுக்கு வழிகாட்டியவர் வேட். அவர் சேகரிப்பவர் அல்ல, கட்டைக்குள் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"என்ன பெரியவரே, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க? உள்ள ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல வேட். துரு மூக்குல ஏறிடுச்சு" என்றேன்.

அதன் பிறகு அவர் ஸ்டூலை என் பக்கமாக நகர்த்திப் போட்டார். தோட்டாவை அடிக்கும் சுத்தியின் முனையை அரத்தால் நாலு தேய்ப்பு தேய்த்திருந்தால் அது சுடாது. அரம் கையில்தான் இருந்தது. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குத் தைரியம் வரவில்லை. எண்ணெயில் ஊறப்போட்டு உருளையைச் சுற்ற வைத்தேன், விசையை இளக்கினேன், கட்டைகளைத் திரும்ப மாட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேலை சுத்தமாகவே இருந்தது.

அதன் பிறகு ஒரு பெட்டி தோட்டா கேட்டார், கொடுத்தேன். இந்த மாதிரித் துப்பாக்கியில் நாங்கள் ஐந்துதான் போடுவோம், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று சுத்திக்குக் கீழே ஓர் அறையைக் காலியாக விடுவோம். அவர் ஆறையும் நிரப்பினார்.

அவர் வெளியே போனது பதினொன்று பத்துக்கு. நான் கதவைத் தாழிட்டு, மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்து இந்த ஷெரிப் காவல் அலுவலகத்துக்கு நடந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். வேட்டின் டிரக்கில் லைலின் மனைவி மார்லிஸ் இருந்தார். மளிகை வாங்கிக்கொண்டு வந்து அவருக்காகக் காத்திருந்தார். வாசலில் நின்று வேட் சொன்னது இது: "நிலத்த விக்கவே மாட்டேங்குறா. குதிரை கெடச்ச எடத்த ஒரு தடவை பாக்கணுமாம், இப்பவே கூட்டிட்டுப் போறேன்." மார்லிஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் சிரித்துக் கையசைத்தேன்.

மேலே சொன்னது எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. இதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். மணி பன்னிரண்டு நாற்பது ஆகிறது, மலைக்கு வண்டியை அனுப்புங்கள்.

(ஒப்பம்) வெர்னன் டாட்லாக்