கொம்புள்ள பொன்வண்டு

காகிதப் படங்களைச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கல்கத்தா ஈரத்துக்குக் காகிதம் ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால்தான் எங்கள் கம்பெனி தகரத் தகட்டில் படம் அச்சடிக்க ஆரம்பித்தது. துரைமார் வீட்டுக் கூடங்களில் வண்டுப் படங்கள் பச்சையும் பொன்னுமாக மினுங்குமே, பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு மூலப்படம் எழுதுகிறவன் நான்தான். பெயர் வெங்கடசுப்ரமணியன். காளிகாட்டில் குடித்தனம்.

தரோகா பாபு, உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொள்ள வேண்டியதை நான் தமிழிலேயே சொல்கிறேன். ரயில்வே ஆபீஸ் ராகவேந்திரன் நீங்கள் கூப்பிட்டனுப்பியதும் சிரமம் பார்க்காமல் வந்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியமாக அவர் உங்களுக்கு வங்காளியில் சொல்லட்டும். எனக்கும் வங்காளி நன்றாகவே வரும். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் ஒரு வார்த்தைகூடத் தப்பாகிவிடக் கூடாது.

நான் பயந்த சுபாவம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்குச் சாதம் இறங்காது. அதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

போன வருஷம் அஸ்ஸாமிலிருந்து வந்த பொன்வண்டு ஒன்று பெட்டியிலேயே தலை நசுங்கிக் கிடந்தது. நிறம் என்னவோ அபாரம். வீசியெறிய மனசு வரவில்லை. வேறொரு கறுப்பு வண்டின் கொம்பைப் பசைபோட்டு அதன் தலையில் ஒட்டி, அப்படியே எழுதிவிட்டேன். அந்தத் தகடு சக்கைப்போடு போட்டது. கொம்புள்ள பொன்வண்டை உலகத்தில் இதுவரை யாரும் கண்டதில்லை, புது இனம் என்று சீமையில் ஒரு பண்டிதர் எழுதினார். எங்கள் துரை பூரித்துப்போனார். அசல் வண்டைப் பார்க்க அந்தப் பண்டிதரே கப்பலேறி வருகிறார் என்று செய்தி வந்த அன்றைக்கே, ஒட்டின பசை வெளியே தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

நான் கொம்பை ஒட்டியதைப் பார்த்தவன் ஒருவன்தான். வைத்தீஸ்வரன். அதே கம்பெனியில் குமாஸ்தா, எங்கள் வீட்டிலேயே பக்கத்து அறையில் இருந்தான், கல்யாணமாகாதவன். சாப்பாடு எங்களோடுதான்.

"ஓய், எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டறீர்? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றான்.

நல்லவன். உண்மையாகவே சொன்னான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சொல்லமாட்டேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அவன் துரையின் அறைக்குள் போனால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா சிரித்தால்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறானோ என்றிருக்கும். ஒரு மனுஷன் எத்தனை நாளைக்கு இப்படி நடுங்கிக்கொண்டிருப்பான், நீங்களே சொல்லுங்கள்.

வண்டு கொல்லுகிற மருந்து என் மேஜையிலேயே இருக்கும். அதை அவன் கூஜாத் தண்ணீரில் போட்டேன். ஏன் வாடையில் கண்டுபிடிக்கவில்லை என்று உங்கள் மனுஷர்கள் கேட்பார்கள். வங்காளிகள் நீங்கள் டம்ளரை உதட்டில் வைத்து, மூக்குக்குக் கீழே பிடித்துக் குடிக்கிறீர்கள். நாங்கள் எச்சில் படக் கூடாதென்று பாத்திரத்தை மேலே தூக்கி, அண்ணாந்து, தொண்டையில் ஊற்றிக்கொள்வோம். நாக்கு ருசி பார்ப்பதற்குள் பாதி உள்ளே போயிருக்கும். ஆசாரம் எதற்கெல்லாம் ஒத்தாசையாக இருக்கிறது பாருங்கள்.

வெயிலில் வந்தவன் மாரடைத்து விழுந்துவிட்டான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. வண்டு செத்ததும் கால்களை மடக்கிக்கொள்ளும். விறைப்பதற்குள் அவற்றை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக வைக்க வேண்டும், அப்போதுதான் படம் எடுப்பாக வரும். வைத்தீஸ்வரனின் விரல்கள் அலங்கோலமாக மடங்கிக் கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டி வைத்தேன். காலையும் நேராக்கினேன். நிமிர்ந்தால் வாசற்படியில் என் மனைவி காமு நிற்கிறாள்.

நான் அவன் விரல்களை நீட்டிய நிதானத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் செத்தான் என்று மட்டும் கேட்கவேயில்லை.

அன்றிலிருந்து என்னைக் கண்டாலே ஒதுங்கினாள். சாதத்தைப் போட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள். சமையலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். நேற்று நானே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். அழுதுகொண்டே என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணையும் பார்க்கலை. சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என்னை விட்டுடுங்கோ."

அவளும் அதையே சொன்னாள், பாருங்கள். காமு வாயில்லாப் பூச்சி, எனக்குத் தெரியும். அவளைப் பார்த்துப் பயப்படுவதுபோல அசட்டுத்தனம் வேறில்லை. இருந்தும் ராத்திரியெல்லாம் அவள் வாயை நினைத்துக்கொண்டே கிடந்தேன். மறுபடியும் அதே நடுக்கம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் இன்றைக்கு நானாக வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என்னைப் பிடித்து அடைத்துவிட்டால் அவளுக்கு ஆபத்தில்லை.

காளிகாட் போலீஸ் ஸ்டேஷன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க, ஹவுராவுக்கு எதற்கு வந்தாய் என்று கேட்கிறீர்கள். ஆபீஸ் இந்தக் கரையில்தானே, வந்து வந்து பழகிய வழி. நான் கடந்து வந்ததும் கப்பல் போவதற்காக ஆற்று மிதவைப் பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்கச் சாயங்காலமாகும், அதுவரை அந்தக் கரைக்கு வண்டி எதுவும் போகாது. பாலம் பிரிக்கிற நேரத்தை எழுதி மாட்டியிருக்கும் பலகையைத் தினமும் படிக்கிறவன் நான், மறக்கவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காமு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் காளி கோயிலுக்குப் போவாள். உச்சிப் பூஜை முடிந்து வெயிலில் வந்ததும் முதல் காரியமாகக் கூஜாவைத் தூக்கி மடமடவென்று குடிப்பாள். அதை நிரப்பி, கலக்க வேண்டியதைக் கலந்து, மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இந்நேரம் வீடு திரும்பியிருப்பாள்.

ஏன் ராகவேந்திரன், எழுந்துவிட்டீர்? தரோகா பாபு உம்மையே பார்க்கிறார், உட்கார்ந்து நிதானமாகச் சொல்லும். காமுவைக் காப்பாற்றத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன் என்பதை முதலில் சொல்லும்.