பத்து நாள் டூர்

— இன்னொருக்கா கேக்கேன். நான் இப்ப ஒம் புருசன் எலியேசர் இல்ல, திருச்சி ஏர்போர்ட்டு ஆபிசரு. எதுக்கும்மா மலேசியா போறீங்க?

— ஓட்டல்ல பாத்திரம்... அய்யோ! சுத்திப் பாக்க, சார்.

— போச்சு. ஓரமா உக்கார வச்சிருவான். அடுத்த பஸ்ஸுல ராஜபாளையம் வந்து சேர வேண்டியதுதான்.

— வெடுக்குன்னு கேட்டா வாய் உண்மையச் சொல்லிருதுங்க.

— அப்ப வாய மெதுவாத் தொற. எப்ப திரும்பி வருவீங்க?

— பத்து நாள்ல வந்துருவேன், சார்.

— இது ஒன்னு மட்டும் தட்டாம வருது. சரி, அங்க என்ன பாக்கப் போறீங்க?

— ரெட்டக் கோபுரம். பொறவு முருகன் சிலை.

— கழுத்துல சிலுவையப் போட்டுக்கிட்டு முருகன் சிலையா?

— வேடிக்க பாக்க எந்தச் சாமியா இருந்தா என்ன? ஆண்டாள் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயி நாம ராட்டினம் சுத்தலையா?

— அட, இத அப்படியே சொல்லு. பெட்டியத் தொற பாப்போம். ஏட்டி, இது என்ன?

— இட்லித் தட்டு.

— டூர் போறவ இட்லித் தட்டையா தூக்கிட்டுப் போவா? அடியில என்ன, மொளகாப் பொடியா? எம்புட்டு! ஒரு கல்யாண வீட்டுக்கே போதும்.

— நீங்கதான சொன்னீக, போன புதுசுல வெறும் ரொட்டியத் தண்ணியில நனச்சுத் தின்னேன்னு.

— எடுத்து வெளிய வையி. பெட்டியப் பாத்தாலே அங்கயே குடியிருக்கப் போறவன்னு தெரிஞ்சிரும். ரிட்டன் டிக்கெட்டு எங்கம்மா?

— இந்தா இருக்கு, சார். ஏஜெண்டு அடிச்சுக் குடுத்த தாளு.

— தாளக் காட்டு, ஏஜெண்டக் காட்டாத!

— அங்க போயி மாட்டிக்கிட்டா என்னங்க ஆவும்?

— எனக்கு ஆனதுதான். கம்பி வேலிக்குள்ள போட்டு வச்சு, விரல் ரேகைய எடுத்துக்கிட்டுத் திருப்பி ஏத்திவிடுவான். நான் இனி அங்க கால் வைக்க முடியாது. இல்லன்னா ஒன்ன அனுப்புவனா?

— நாம வேல பாத்த பேண்டேஜ் கம்பெனியப் பூட்டாம இருந்தா ரெண்டு பேருமே இங்கன கெடந்திருப்போம்.

— ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. அங்க ஓட்டல்காரரு வேல பெர்மிட்டு எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்காரு.

— ஒங்களுக்கும் அதத்தான சொன்னாக. ஷெரின் வயித்துல இருக்கையில போனீக. வாசல்ல வந்து நிக்கீக, அவ யூனிபாரத்தோட ஓடியாந்து "யாரும்மா இந்த மாமா"ன்னு கேக்கா.

— யூனிபாரம்னதும் ஞாபகம் வருது. நேத்து பீரோவத் தொறந்தேன். அவளுக்குத் தச்சு அடுக்கி வச்சிருக்க.

— டெய்லர் வேலுத்தாயக்கா கையில வேல இல்லாம இருந்தாக. தைக்கக் குடுத்தேன்.

— ஒவ்வொன்னும் ஒரு அளவுல இருக்கு. கடைசிச் சட்ட ஒனக்கே சேரும் போல.

— வளருத புள்ள.

— இவாஞ்சலின், என்னயப் பாரு. இப்ப நான் ஆபிசரு இல்ல. எப்பட்டி திரும்பி வருவ?

— பத்து நாள்ல வந்துருவேன், சார்.