கைதட்டலுக்கு முந்தைய நிசப்தம்

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் கனத்த குரலுள்ள வாத்தியங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கேட்கும். மாலை வகுப்பில் சேர்ந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அதுவரை எல்லாவற்றையும் தப்பாகவே கேட்டுவந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

சிறு வயதிலிருந்தே எனக்குப் படத்தைவிடப் பின்னணி இசைதான் பிடிக்கும். கதாநாயகன் வாயைத் திறந்ததும் வயலின்கள் பம்மிவிடுவது ஆத்திரமாக இருக்கும். அந்த இசையை மட்டும் தனிப் பதிவாக வெளியிடுகிறார்கள் என்று தெரிந்ததும் வாங்கிச் சேர்த்தேன். அங்கிருந்து, பெரிய வாத்தியக் குழுக்கள் அரங்கில் வாசித்த பதிவுகளுக்குப் போனேன். நூலக மாடியில் இசை கேட்கக் கற்றுத்தரும் வகுப்பு நடப்பதாகச் சொன்னார்கள், சேர்ந்தேன். நான் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவன். மற்றவர்கள் விவரமானவர்கள். ஒரு பதிவைப் போட்டுவிட்டு என்ன கேட்டது என்று ஆசிரியை கேட்பார். ஆளுக்கொன்று சொல்வார்கள். என் முறை வரும்போது, முந்தையவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொல்லிவிட்டு உட்கார்வேன். எனக்குக் காது என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஒரு நாள் ஆசிரியை வீட்டுப்பாடம் கொடுத்தார். அரங்கப் பதிவுகளில் கடைசி ஸ்வரம் அடங்கிய பின், கைதட்டல் எழும் முன், ஒரு நிசப்தம் இருக்குமாம்.

"சினிமா இசையில இது கிடைக்காது, ஸ்டூடியோவுலயே வெட்டிடுவாங்க. அரங்கத்துல மட்டும்தான் அத்தனை பேரும் சேர்ந்து மூச்சு விடாம இருக்கறது கேக்கும். அதைக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

என் வீட்டில் நிசப்தம் கிடையாது. அண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு உறுமல், அதன் மேல் உஸ் என்று ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு டக். என்ன இசை போட்டாலும் அந்த உறுமல் அடியில் நின்று சுருதியைக் கெடுக்கும். அண்ணி மதியம் வேலைக்குப் போவார். அச்சகத்திலிருந்து வந்து நான் அண்ணனைப் பார்த்துக்கொள்வேன். அண்ணி திரும்பிய பிறகு வகுப்புக்குப் போவேன். ஆகவே நான் கேட்பதாக இருந்தால் அந்த மதியத்தில்தான் கேட்க வேண்டும்.

ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்றீர்கள். நியாயமான கேள்வி. போட்டுப் பார்த்தேன். மெஷினின் அதிர்வு தரை வழியாக நாற்காலியில் ஏறி என் முதுகில் வந்து உட்கார்ந்தது. மேலும், அண்ணன் கூப்பிட்டால் கேட்க வேண்டாமா? நோயாளி இருக்கும் வீட்டில் காதை அடைத்துக்கொள்வது பொறுப்பில்லாத காரியம்.

முதலில் மெஷினை நிறுத்தச் சொன்னது அண்ணன்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"என்னடா, கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி உக்காந்திருக்க?" என்றான்.

"மெஷின் சத்தம்ணா. ஒண்ணுமே கேக்கல."

"அப்ப நிறுத்திட்டுக் கேளு. ஒரு பாட்டு நேரம் தாங்குவேன். புகையில மூச்சடக்கி நின்னு வேலை பாத்த ஆளுடா நான்."

நிறுத்தினேன். ஒரு பின்னணி இசைத் துண்டு முழுசாக, சுத்தமாகக் கேட்டது. அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே ஒற்றை விரலால் வாத்தியக் குழுவை நடத்திக் கிண்டல் செய்தான். அன்று இருவரும் சிரித்தோம்.

ஒரு பாட்டு நேரம் என்பது அவன் வைத்த அளவு. சினிமாத் துண்டுகளுக்கு அது போதும். அரங்க இசையின் மெதுவான பகுதி அதற்குள் அடங்காது. அடங்காததற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் எதையும் ஒரேயடியாகச் செய்பவன் இல்லை. சிறிது சிறிதாகக் கூட்டினேன். அவன் உதட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடவை கூட்டினேன். ஒவ்வொரு முறையும் நிசப்தம் நெருங்கும் சமயத்தில் அவன் இருமிவிடுவான். எத்தனை முறைதான் ஒருவன் முதலிலிருந்து தொடங்குவது?

ஒரு நாள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்டா. நெஞ்சு அடைக்குது. இனிமே வேணாம்" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன். தெரிஞ்சா உன்னை வீட்டை விட்டே துரத்திடுவா" என்றான்.

சரி என்றேன். அதன் பிறகு அவனைத் தொந்தரவு செய்யவில்லை. சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு அவன் தூங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

நிறுத்தினால் மெஷின் கீச்சிடும். நோயாளியை அது எழுப்பிவிடும் என்பதால் பின்மூடியைத் திறந்து கீச்சொலிக்கான ஒயரைக் கழற்றினேன். கூப்பிடுவதற்காக அண்ணி ஒரு மணியைத் தலையணையருகே வைத்திருந்தார். தூக்கத்தில் கை பட்டு விழுந்துவிடக்கூடும். எடுத்து ஜன்னலில் வைத்தேன். நான் முன்னறையில் உட்கார்ந்து அவன் கதவைச் சாத்தியது, காற்றில் அது அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் தப்பாக ஒன்றும் இல்லை.

சம்பவம் நடந்த அன்று மாலை வகுப்பில் என் முறை. மதியம் மெஷினை நிறுத்திவிட்டுப் பதிவைப் போட்டேன். மெதுவான பகுதியின் நடுவில் தட்டும் சத்தம் கேட்டது. இரும்புக் கட்டிலின் சட்டத்தில் மோதிரம் படும் சத்தம். தாளத்தில் இல்லை.

கடைசி ஸ்வரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. பிறகு நிசப்தம் வந்தது. முழுசாக வந்தது. ஆசிரியை சொன்னது உண்மைதான், அத்தனை பேரும் மூச்சு விடாமல் இருப்பது கேட்டது. கைதட்டல் ஓயும் முன் எழுந்து போவது மரியாதை இல்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன். மெஷினைப் போட்டேன். அப்போது அதனால் பயன் எதுவும் இல்லை.

மெஷின் தானாக நின்றுபோனது என்று அண்ணியிடம் சொன்னேன். கட்டிலையாவது தட்டியிருப்பாரே, கேட்கவில்லையா என்று கேட்டார். பதிவில் வரும் முரசு என்று நினைத்துவிட்டேன் என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்ல தம்பி. உனக்கென்ன தெரியும்" என்று அழுதார். அப்படியே நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்றும் சொன்னீர்கள்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இன்று நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்தப் பகுதியில் முரசு கிடையாது. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு குழலும்தான். அதன் ஒவ்வொரு ஸ்வரமும் எனக்குத் தெரியும். முதல் தட்டிலேயே அது அண்ணன் என்று தெரிந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். முரசுக்கும் கட்டில் சட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னைப் பற்றி உங்கள் காகிதத்தில் இருக்கிறது.

என் காதில் குறை ஒன்றும் இல்லை. அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.